முறிந்த எலும்பும் முறியாத நம்பிக்கையும்

போர் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவோர் வாளேந்திய வீரரும் வாகை சூடிய தலைவருமே. களத்தில் கால் ஒடிந்து வீழ்ந்தவனை மீண்டும் நடக்கச் செய்தவரை நாம் நினைப்பது அரிது. அத்தகையோருள் ஒருவர் சர் ராபர்ட் ஜோன்ஸ்.

1857இல் வேல்ஸ் நாட்டின் ரில் நகரில் பிறந்த இவர், லிவர்பூலில் தம் மாமா ஹியூ ஓவன் தாமஸிடம் எலும்பு மருத்துவம் பயின்றார். தாமஸின் முன்னோர் பட்டம் பெறாத எலும்பு வைத்தியர்கள். கைப்பழக்கமே அவர்தம் கல்வி. அவ்வழி வந்த தாமஸ், அசைவற்ற ஓய்வே எலும்புக்கு மருந்தெனக் கண்டு, இரும்பு வளையமும் கம்பிகளும் கொண்ட கால்தாங்கி ஒன்றை அமைத்தார். 1875இல் நூலாகவும் விளக்கினார். மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1891இல் அவர் மறைந்தார். மாணவரோ அதனை மறக்கவில்லை.

1888இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய்த் தொழிலாளர்க்கு மருத்துவராக அமர்ந்த ஜோன்ஸ், கால்வாய் நெடுகிலும் மருத்துவமனைகளையும் முதலுதவி நிலையங்களையும் நிறுவினார். அடிபட்டவனை எங்கே, எப்படி, எவ்வளவு விரைவில் கொண்டு சேர்ப்பது என்னும் பாடத்தை அங்கேதான் கற்றார்.

1914இல் உலகப்போர் மூண்டது. தொடையெலும்பு முறிந்தோருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் மாண்டதாக அக்காலப் படைமருத்துவர் குறித்தனர். தூக்கிச் செல்லும் வழியில் முறிந்த முனைகள் தசையைக் கிழித்தன. குருதி இழப்பும் அதிர்ச்சியும் உயிரைப் பறித்தன. மாமாவின் கால்தாங்கியைக் களத்திலேயே பூட்ட வேண்டுமென ஜோன்ஸ் வற்புறுத்தினார். 1917இல் அராஸ் போரில் அவ்வாறே செய்தனர். 1009 பேரில் இறந்தோர் 15.6 விழுக்காடாகக் குறைந்தனர். இன்றும் எலும்பு முறிவுப் பிரிவுகள் சிலவற்றில் அத்தாங்கியைக் காணலாம்.

உயிர் பிழைத்தால் போதுமா? போதாது என்றார் ஜோன்ஸ். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் முதலிய இடங்களில் அவர் அமைத்த படைமருத்துவமனைகளில் தச்சுப்பட்டறையும் இருந்தது. இழைப்புளி பிடித்த கை, தொழிலையும் வலிமையையும் ஒருங்கே மீட்டது. ஆறிய புண்ணன்று, உழைத்து உண்ணும் மனிதனே மருத்துவத்தின் நிறைவு என்பதே அவர்தம் கொள்கை. 1933இல் மறையும்வரை, ஆக்னஸ் ஹன்ட் அம்மையாருடன் இணைந்து, உடற்குறையுற்ற குழந்தைகட்கும் அவர் தொண்டாற்றினார்.

உயிர்காக்கும் கருவி நாற்பதாண்டு கையருகே கிடந்தும், களத்தில் பல்லாயிரவர் அதன்றி மாண்டனர். சொன்னவர் யார் என்று நோக்கிச் சொல்லைத் தள்ளியதன் விலை அது. கற்கும் நாம் எந்தத் துறையில் நின்றாலும், எளியோர் கையிலுள்ள அறிவை மதித்துக் கேட்போமாக. கேட்டதை வேண்டும் வேளையில் வேண்டும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்போமாக.