புலியின் மேல் அமர்ந்தவர்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துவோரும், ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கணக்கெழுதிப் பிழைப்போரும் நம்மிடையே பலர் உளர். பெரிய நிறுவனத்தில் மோசடி என்றதும், “பேராசைக்காரர் செயல், நமக்கென்ன?” என்று ஒதுங்கிவிடுகிறோம். அவ்வளவு எளிதில் ஒதுங்க இயலுமா?

ஐதராபாத்தில் 1987-இல் தொடங்கப்பெற்ற சத்தியம் கம்ப்யூட்டர் நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். அதன் தலைவர் இராமலிங்க ராஜு பலரும் போற்றிய மனிதர். நாம் நன்கறிந்த 108 ஆம்புலன்ஸ் பணியும் அவர் 2005-இல் நிறுவிய அமைப்பிலிருந்து வளர்ந்ததே. 2008-இல் நன்னிர்வாகத்திற்கென அந்நிறுவனம் விருதும் பெற்றது. அடுத்த சனவரி 7 அன்று, கையிருப்பாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி பொய்யென்று அவரே கடிதம் எழுதினார்!

உண்மை இலாபத்துக்கும் ஏட்டு இலாபத்துக்கும் இடையே இருந்த சிறு இடைவெளியே தொடக்கம் என்றார் அவர். அதை மறைக்க மற்றொரு பொய். அதை மறைக்க இன்னொன்று. 2008 செப்டம்பர் காலாண்டில் 61 கோடி இலாபம் 649 கோடியாகக் காட்டப்பட்டது. புலியின் மேல் ஏறியவன் அதற்கு இரையாகாமல் இறங்க வழியறியாத நிலை என்று தம் நிலையை வருணித்தார். 2015 ஏப்ரல் 9 அன்று சிறப்பு நீதிமன்றம் அவருக்கும் வேறு 9 பேருக்கும் 7 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அவர்கள் பிணை பெற்றனர்.

பொருளாசை அங்கே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், கையாடல் செய்து சிறைப்பட்டோரைக் கண்டு பேசி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டொனால்டு கிரெசி, 1953-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார்: அவர்கள் ஒவ்வொருவருக்கும் பிறரிடம் சொல்லக் கூசிய பணநெருக்கடி ஒன்று இருந்தது.

வெற்றியாளன் என்ற பெயரில் பற்று, தோல்வியைச் சொல்ல நாணம், இடித்துரைப்பார் அருகில் இல்லாமை ஆகிய இம்மூன்றும் சேருமிடத்தில் கணக்கேடு பொய் பேசத் தொடங்குகிறது. நிறுவனம் பெரிதோ சிறிதோ, இதில் வேறுபாடில்லை. முதலாளியின் முகம் சுளிக்குமென்று அஞ்சும் கணக்கர் குறையை மறைப்பார். பட்டறையின் நட்டத்தை மனைவியிடம் சொல்லக் கூசும் கணவர் வட்டிக்கு வாங்குவார்.

ஆகவே, பெற்றோரே, நம் இல்லங்களைச் சற்றே நோக்குவோம். மதிப்பெண் குறைந்த பிள்ளை அஞ்சாமல் அட்டையை நீட்டும் வீட்டில்தான், நாளை நட்டத்தை நட்டமென்றே எழுதும் நிர்வாகி வளர்கிறான்.