பெயர் போனது, பொருள் போகவில்லை

டெர்மினலில் 'ஆர்எம்' என்று அடித்து என்டர் தட்டினால் கோப்பு போய்விடுகிறது. உண்மையில் போவது அதன் பெயர்தான். டைரக்டரியில் இருந்து பெயர் நீங்கும். கோப்பு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளே எழுதியிருந்தது, வேறொன்று வந்து மேலே உட்காரும்வரை அங்கேயே கிடக்கும்.

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த புதிதில் இது தெரிந்ததும் எனக்கு ஒரே பரபரப்பு. அன்று முதல் முக்கியமான எதையும் 'ஷ்ரெட்' போட்டுத்தான் அழிப்பேன். மூன்று முறை தாறுமாறான எழுத்துகளால் மேலெழுதிவிட்டு, '-யு' சேர்த்தால் கோப்பையும் நீக்கும். போதாதென்று எண்ணிக்கையை 35 ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போன இரவுகளும் உண்டு. அந்த 35, பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்க்குகள் அத்தனைக்குமாகச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் முப்பத்தைந்தும் தேவையில்லை, இதை மந்திரம்போல ஓதுகிறார்களே என்று அவரே பிற்பாடு அலுத்துக்கொண்டார்.

என் மந்திரம் பலிக்காமல் போனது ஒரு சம்பளப் பட்டியலில். ஷ்ரெட் போட்டு, அழித்தாயிற்று என்று மேலாளரிடம் சொல்லியும் விட்டேன். அடுத்த வாரம் வேறெதையோ தேடி, டிஸ்க்கின் முந்தைய நிலையைப் பிடித்துவைத்திருக்கும் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டைத் திறந்தால், பட்டியல் ஒரு வரி குறையாமல் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் இருக்கும்போது ஒரு பிளாக்கின் மேல் எழுதப் போனால், பழையதை முதலில் தனியே நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் எழுதவிடும். அதாவது, நான் மேலெழுதியதால்தான் அந்த நகலே உண்டானது! வெறும் ஆர்எம் போட்டிருந்தால் அப்போதே அந்தத் தனி நகல் உண்டாகியிருக்காது; ஆனாலும் ஸ்னாப்ஷாட்டில் பட்டியல் தெரிந்துதான் இருக்கும்.

எஸ்எஸ்டி வந்தபின் நிலைமை இன்னும் மோசம். அதே இடத்தில் எழுது என்று நாம் சொன்னாலும், தேய்மானத்தைப் பரவலாக்க கன்ட்ரோலர் வேறு இடத்தில் எழுதும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளின் இயல்பே புது இடத்தில் எழுதுவதுதான்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, ஆர்எம்முக்கே அலியாஸ் போட்டு ஷ்ரெட் ஆக்கிடலாமே? யாரும் மறக்க மாட்டாங்க." நல்ல எண்ணம்தான். ஆனால் அதே கோப்புக்கு ஹார்ட் லிங்க்காக இன்னொரு பெயர் இருந்தால்? ஆர்எம் ஒரு பெயரை மட்டும் எடுக்கும். ஷ்ரெட் இரண்டு பெயருக்கும் பொதுவான உள்ளடக்கத்தையே குப்பையாக்கிவிடும். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிஎஸ்டி உலகில் மேலெழுதிவிட்டு அழிக்க ஆர்எம்முக்கே '-பி' என்றொரு ஆப்ஷன் வைத்தார்கள். ஓபன்பிஎஸ்டி இன்றும் வைத்திருக்கிறது; ஒன்றுக்கு மேல் பெயர் உள்ள கோப்பை மேலெழுதாமல் விடும் புத்தியும் அதற்கு உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் அந்த எழுத்து இருக்கிறது, வேலை இல்லை. பழையவற்றோடு ஒத்துப்போக மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆப்பிள் 2015-இல், ஃபிளாஷ் நினைவகத்தில் உறுதி தர முடியாது என்று சொல்லி, பாதுகாப்பாகக் குப்பையைக் காலி செய்யும் வசதியையே தூக்கியது.

நான் ஆப்பிள் பக்கம். அன்றாடம் கை பழகிய கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்து 'பத்திரமாக அழி' என்று வைத்தால், அடிப்பவன் அதை நம்பிவிடுவான். நான் நம்பினேனே. ஷ்ரெட் தனிக் கட்டளையாக இருப்பது சரி. தன்னால் முடியாததைத் தன் கையேட்டிலேயே ஒப்புக்கொள்கிறது.

இப்போதெல்லாம் இயங்குதளம் நிறுவும் அன்றே டிஸ்க் முழுவதையும் எல்யுகேஎஸ் குறியாக்கத்தில் பூட்டிவிடுகிறேன். டிஸ்க்கை ஒழிக்கும் நாளில் சாவிகளை அழித்தால் போதும். சாவிகள் இருக்கும் ஹெடரை எங்கேனும் பேக்கப் எடுத்து வைத்திருந்தால் அதையும் மறக்காமல் தேடி அழியுங்கள்.