டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே

புதுச்சேரி ஒயிட் டவுனில், மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக ஒரு கஃபே. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் சாப்பிடுவதற்குப் பெயர் பிரஞ்ச். கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 1895-இல் கட்டுரை எழுதிச் சிபாரிசு செய்த சமாச்சாரம் இது. சனி இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு காலையில் அவதிப்பட்டு எழுந்திருக்க வேண்டாமே என்ற கரிசனம்.

அங்கே அவள் கேட்பது க்ரேப். அது என்னதுடே என்று ஊரிலிருந்து அக்கா போனில் கேட்டாள். புளிக்காத தோசை என்றேன். மைதா, முட்டை, பால். கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், ராத்திரி முழுக்கப் பொங்கக் காத்திருக்க வேண்டாம். வட்டக் கல்லில் மாவை ஊற்றி, ‘டி’ எழுத்துப் போன்ற மரக்கட்டையால் ஒரே சுற்று. பிரான்சின் பிரித்தானி பக்கத்தில் இதையே ஒரு கருப்பு தானிய மாவில் சுட்டு, உள்ளே முட்டையும் சீஸும் வைத்து நாலு பக்கமும் மடிக்கிறார்கள். அதற்குக் காலெத் என்று பெயர். நன்றாகவே இருக்கும். குறை சொல்ல வரவில்லை.

எனக்குப் பசிப்பதில்லை, அவ்வளவுதான்.

திருநெல்வேலியில் நாங்கள் சாப்பிடுவதற்காக வெளியே போனதே கிடையாது. வேறு ஏதாவது சோலியாகப் போவோம், அதன் வாலில் ஹோட்டல் இருக்கும். டவுனில் ஆரெம்கேவியில் கல்யாணச் சேலை எடுத்தால், வந்த சனம் அத்தனைக்கும் பூரி கிழங்கு. நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு அந்தி மசங்கக் கீழ ரத வீதிக்கு வந்தால் இருட்டுக்கடை. இலைத் துண்டில் சூடாக வைத்த அல்வா விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்கும். சும்மா ஹோட்டலுக்குப் போகலாம் என்று யாராவது வாயெடுத்தால் ஆச்சி விடமாட்டாள். “ஏன், வீட்டுல அடுப்பு அணைஞ்சா கெடக்கு?” அவள் ஹோட்டல் என்றும் சொல்லமாட்டாள், கிளப்புக்கடைதான். கடவுளையே காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் சிக்கரியைப் பற்றிப் பாடம் எடுத்த கந்தசாமிப் பிள்ளையைப் படைத்த புதுமைப்பித்தனின் ஊர் இது என்பது ஆச்சிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இருந்த சோலி குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில் அது. பெருவெள்ளம் வந்தால் முங்கிவிடும், உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயில் முங்கிக் கிடந்த படத்தைப் புதுச்சேரியில் உட்கார்ந்து பார்த்தேன். கண் கோயிலைத் தேடவில்லை, படித்துறையைத் தேடியது. அந்தப் படியில்தான் அப்பா வேட்டியைக் கும்மிப் பிழிந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காயவைப்பார். நான் தண்ணீருக்குள் கிடந்து விரல் நுனி சுருங்கி, உதடு நீலமாகி, “ஏல, கரையேறுதியா இல்லியா” என்று மூன்றாவது அதட்டல் வந்தபிறகுதான் ஏறுவேன். ஏறினதும் வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். ஆற்றுப் பசி. தாமிரபரணித் தண்ணிதான் அல்வாவுக்கு ருசி என்பார்கள். எனக்குத் தெரிந்து அது எல்லாவற்றுக்குமே ருசி கொடுத்தது, அதில் குளித்துவிட்டுப் போனால்.

ஈரத்தலையோடு ஜங்ஷன் வரை நடை. அங்கே ஒரு ஹோட்டல் இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பத்தரைக்கு டிபன் முடிந்துவிடும். தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பதினொன்றரைக்குத்தான் சாப்பாட்டுக்கு இலை. என்னால்தான், பாதி ஞாயிறுகளில் நாங்கள் பத்தே முக்காலுக்குப் போய் நிற்போம்.

“டிபன் முடிஞ்சுட்டே அண்ணாச்சி. செத்த இருந்தியள்னா சாப்பாடே சாப்பிட்டுரலாம்.”

அப்பா இருப்பார். வீட்டுக்குப் போகலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. காலி மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். உள்ளே அப்பளம் பொரிக்கிற வாசம், யாரோ வாழையிலை நறுக்குகிற சத்தம். எனக்குக் கண் இருட்டும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அப்பா பேசினார்.

வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வருவார், செய்தித்தாளுக்குள் போய்விடுவார். அம்மாவிடம் “சரி”, எங்களிடம் “படிச்சியா”. இந்த மேஜையில் மட்டும், கேட்காமலே, விக்கிரமசிங்கபுரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். தாத்தாவுக்கு ஹார்வி மில்லில் வேலை. பாபநாசத்தில் விழுகிற தண்ணீரின் வேகத்தை நம்பி அங்கே வைத்த மில். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் தூக்குச்சட்டியைக் கொண்டுபோய்க் கேட்டில் நிற்க வேண்டும், எட்டு வயதில் அதுதான் அப்பாவின் வேலை. ஒருநாள் வழியில் மூடியைத் திறந்து வடையை எடுத்துத் தின்றுவிட்டார். தாத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அடுத்த நாளிலிருந்து தூக்குச்சட்டியில் இரண்டு வடை இருந்ததாம்.

இதைச் சொல்லிவிட்டு அப்பா தண்ணீர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார். அதற்குள் இலை வந்துவிடும். வந்தபிறகு பேச்சு கிடையாது.

பெரிஞ்சர் அடைத்துவிட்டுப் போனது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான். இங்கே எப்போது போனாலும் உண்டு. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும். வரும்வரை மகளுக்குப் போன் இருக்கிறது.

போன ஞாயிறு சர்வர் பையன் ரொம்பச் சங்கடத்தோடு வந்தான். கேஸ் தீர்ந்துவிட்டது, ஆள் போயிருக்கிறது, அரை மணி ஆகும் சார். மகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், வேறு கடைக்கு.

“இருட்டி,” என்றேன். “இருந்தே சாப்பிடுவோம்.”

அவள் விநோதமாகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். போனில் சார்ஜும் இல்லை போலிருக்கிறது, கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

“உங்க தாத்தாவுக்கு எட்டு வயசு இருக்கும்…”