இரண்டாவது திரை

ரிச்சி தெருவில் பேரம் பேசி, அப்பா கொடுத்த 2000 ரூபாய்க்குப் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி, பாரிவாக்கம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மாட்டினால் 'நோ சிக்னல்'! அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ராத்திரி முழுக்கத் தேடியதில் தவறு புரிந்தது மக்களே... தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மதர்போர்டில் இருக்கும் மானிட்டர் இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யாது. நான் கேபிளை அங்கேதான் செருகியிருந்தேன் :-( கார்டுக்கு மாற்றியதும் திரை விழித்தது. விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தேன். விண்டோஸ் 98-லேயே, அதாவது 1998-லேயே, இரண்டு திரை வசதி வந்துவிட்டதாம்!

இப்போது இடப்பக்கம் பாடம், வலப்பக்கம் புரோகிராம்.

காலையில் அப்பா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் எரியுதாடா?"

"எரியுதுப்பா."

அதற்கப்புறம்தான் காபியை எடுத்தார்.