தனக்கென ஒரு கூடம்

குத்தம்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் புதிதாக வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மதம் மாறினால் சாதி போயிடுமா தோழர்?" அண்ணல் 1956-இல் பவுத்தம் தழுவியதையும், அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பவுத்த சங்கம் கண்டதையும் பேசுவோம். இம்முறை நம் பக்கத்து மாநிலத்திலிருந்து இன்னொரு அனுபவத்தையும் பேசினோம். யூதர்களான தலித்துகளின் அனுபவம் அது.

ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் கொத்தரெட்டிபாலெம் என்றொரு ஊர். அங்கே சில பத்து மாதிகா குடும்பங்கள். தோல் வேலை செய்தவர்கள் என்று சாதிச் சமூகம் ஒதுக்கிவைத்த மக்கள். பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். கிறிஸ்தவப் போதகராக இருந்த ஷ்முவேல் யாக்கோபி 1980களில் ஜெருசலேம் போய் வந்தார். அவரும் அவர் குடும்பத்தாரும், 'நாம் இஸ்ரேலின் தொலைந்த கோத்திரங்களில் ஒன்றான எப்ராயீமின் வழிவந்தவர்கள்' என்றார்கள். 1991-இல் ஊரில் ஒரு ஜெப ஆலயம் எழுந்தது. 'பெனே எப்ராயீம்' என்ற சபை பிறந்தது.

அவர்கள் காட்டிய சான்றுகளைக் கவனியுங்கள். 'நாங்கள் மாட்டுக்கறி தின்பவர்கள், இறந்தவர்களைப் புதைப்பவர்கள், இஸ்ரவேலரும் அப்படித்தான்.' எதைச் சொல்லி ஊர் அவர்களைத் தீட்டு என்றதோ, அதையே பூர்விகத்தின் அடையாளமாக மாற்றினார்கள். பறையர்கள் பூர்வ பவுத்தர்கள் என்று அயோத்திதாசர் எழுதியதும் இதே போன்ற வேலைதான். தொலைந்த கோத்திரக் கதையை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பார்களா என்பது வேறு விவாதம். நம் வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு என்பதே இங்கே கேள்வி.

சபை வளர்ந்தது கதையால் மட்டுமல்ல. ஓய்வுநாள் வழிபாடு, பண்டிகைகள், எபிரேய வகுப்பு என்று ஒன்றுகூட ஓர் இடம் இருந்தது. வெளிநாட்டு யூதத் தன்னார்வலர்கள் வந்து தங்கிக் கற்பித்தார்கள். கூலிக்காரர் பிள்ளை ஊரில் யாருக்கும் தெரியாத எழுத்தை வாசித்தது.

ஆனாலும் அங்கீகாரம் எளிதில் வரவில்லை. மணிப்பூர், மிசோரம் பகுதிகளின் பினே மெனாஷே மக்களை 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஏற்றார். பெனே எப்ராயீமுக்கு அது கிடைக்கவில்லை. இங்கே நம் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பவுத்தரையும் சேர்த்தது. யூதர் என்று எழுதிக்கொடுத்தால் சாதிச் சான்றிதழ் போய்விடும். சான்றிதழ்தான் போகும், சேரி அப்படியே இருக்கும்.

மதத்துக்குள்ளேயும் சாதி நுழையும் என்பதற்குக் கொச்சி சாட்சி. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இருக்கை கிடையாது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-இல் பிறந்து, சென்னையில் சட்டம் படித்த ஆபிரகாம் பாரக் சேலம் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தார்கள். ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களின் கூடத்திலேயே தரையில் உட்காரச் சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் ஊர்ச் சமத்துவபுரத்தில் ஒரு சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் பிற சாதிக் குடும்பம் என்று இரட்டை வீடுகள் கட்டினார்கள். பக்கத்தில் பக்கமாக வாழ்வது ஒரு வழி. நமக்கென ஓர் இடத்தைக் கட்டுவது இன்னொரு வழி. இரண்டுமே வேண்டும்.

எனவே இளம் தோழர்களே, விகாரையோ, சபையோ, இரவுப் பாடசாலையோ, முதலில் ஒரு கூடம் அமையுங்கள். அங்கீகாரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூடம் அமைந்ததும் யார் நாற்காலியில், யார் தரையில் என்று பாருங்கள். பெண்கள் எங்கே, அருந்ததியர் எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தாங்குகிற கூடம்தான் நம்முடையது.

ஜெய் பீம்.