வலியைச் சொல்லப் பழகுதல்

வரும் வியாழக்கிழமை அம்மாவை முதல்முறையாக பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். வலது தோள். ஆறு மாதமாகக் கை மேலே ஏறவில்லை. 'உறைந்த தோள்பட்டை' என்றார் மருத்துவர். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிப்போவதால் வருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. சரியாக ஒரு வருடமோ அதற்கு மேலுமோ பிடிக்கலாம்.

எடுத்துப்போக வேண்டியவற்றை ஒரு பையில் போட்டுவிட்டேன்: ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, கடைசியாக எடுத்த சர்க்கரை அளவு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். தோளைப் பார்க்க வசதியாக, முன்பக்கம் கொக்கி வைத்த தொளதொள ஜாக்கெட் ஒன்று. இதெல்லாம் அரைமணி நேர வேலை.

கடினமான வேலை வேறு. அம்மாவுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. போன முறை ஆஸ்பத்திரியில், "என்னம்மா உனக்கு?" என்று கேட்டதும் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்க சார், சும்மா லேசா வலி" என்றார். முந்தின இரவு முழுக்கத் தூங்காதவர். அவர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தோழர்களே, இதை அம்மாவின் கூச்சம் என்று மட்டும் நான் பார்க்கவில்லை. ஆண்டையின் வயலில் நாற்று நடும்போது இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் மறுநாள் வேலை கிடையாது. 'ஒண்ணுமில்லீங்க' என்பது சேரியில் பிறந்த ஒரு பெண் கூலியைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்ற சொல். அதே சொல் மருத்துவமனையில் அவருக்கு எதிராக வேலை செய்கிறது.

அதனால் ஒரு வாரமாக வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறோம். பிசியோதெரபிஸ்ட் என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் நான் கேட்கிறேன். எப்போது ஆரம்பித்தது? எந்த வேலை செய்தால் கூடுகிறது? ராத்திரி எழுப்புகிறதா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி? முதல் நாள் "ரெண்டு" என்றார். "பிரசவ வலி பத்துன்னா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரியில ஏழு இருக்கும்டி" என்றார். அவர் தன் வலிக்கு அளவு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்: கொண்டை போட முடியவில்லை. பின்பக்கக் கொக்கி மாட்ட முடியவில்லை. பரண்மேல் இருக்கும் பானையை எடுக்க முடியவில்லை. வலப்பக்கம் படுக்க முடியவில்லை. 'தோள் வலி' என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்த நான்கு வரிகள் சிகிச்சை தருபவருக்கு அதிகம் சொல்லும். அவர் கையைத் தூக்கச் சொல்லி, பின்னால் கொண்டுபோகச் சொல்லி, எவ்வளவு அசைகிறது என்று அளந்து எழுதுவார். அடுத்த மாதம் முன்னேற்றம் உண்டா என்பது அந்த அளவை வைத்துத்தான் தெரியும். "என் அளவு என்னங்க?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் மூன்று விஷயம் பேசி வைத்தோம். ஒன்று, பெண் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவரே பார்க்கட்டும் என்று கேட்கலாம். நானும் கூடவே இருப்பேன். இரண்டு, தாங்க முடியாமல் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். மூன்று, அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'கைக்கு ஓய்வு கொடு' என்பது எங்கள் வீட்டில் அடுப்போடு சம்பந்தப்பட்ட பேச்சு. மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது, எந்த வேலையைத் தள்ளிப்போடுவது என்றும் கேட்டு வாங்கி வர வேண்டும்.

மருத்துவமனைவரை வர முடியாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உரிமை பற்றி மேடையில் பேசுகிறோம். இன்றிரவு வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.