வால்பாறையின் ஈரச் சுவர்கள்

ஆடி மாதத்தில் ஆழியாற்றங்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் சென்றால், சூரியனைக் கண்டு எத்தனை நாளாயிற்றென்று அவ்வூரார் விரல்விட்டு எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றாகிய சின்னக்கல்லாறு இவ்வட்டாரத்திலேதான் இருக்கிறது.

மலையின் அழகைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது வீட்டுக்குள்ளே நேரும் மழையைப் பற்றி. உப்பு ஜாடியில் நீர் கோத்து நிற்கிறது. தீக்குச்சி பற்ற மறுக்கிறது. பெட்டியில் மடித்து வைத்த பட்டுப் புடவையிலும் பூஞ்சணம் பூக்கிறது. ஒழுக்கே இல்லாத வீட்டிலும் சுவர் வியர்க்கிறது!

காரணம் எளியது. 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள காற்று, கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராமுக்கு மேல் தாங்காது. சமையல், வெந்நீர், உள்ளே உலர்த்திய துணி, நமது மூச்சு ஆகிய யாவும் தரும் நீராவி, குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகிவிடுகிறது.

குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து, குமுட்டி அடுப்பில் கரியைக் கனலவிட்டு உறங்குவோரும் உண்டு. இது பேரபாயம். கரிநெருப்பு அறையைச் சூடாக்குமேயன்றி ஈரத்தை வெளியேற்றாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவரை விழிக்க விடாமலே உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஈரத்தைப் போக்கும் வழியை இவ்வூர்த் தேயிலை ஆலைகளிலேயே காணலாம். பறித்த கொழுந்தில் சுமார் முக்கால் பங்கு நீர். அதைக் கம்பி வலையின்மேல் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். ஓடும் காற்றே ஈரத்தைச் சுமந்து செல்கிறது. வீட்டிலும் மழை சற்று ஓய்ந்தவுடன் எதிரெதிர் ஜன்னல்களைச் சிறிது நேரம் திறந்துவைக்க வேண்டும். வெளிக்காற்று குளிர்ந்ததாயினும், உள்ளே வந்து சூடேறியதும் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், துணியைத் தாழ்வாரத்தில் உலர்த்துவதும், அடுக்களை ஆவிக்குப் போக்கு அமைப்பதும் செலவில்லாத, அல்லது சொற்பச் செலவுள்ள காரியங்கள்.

ஆனால், நெருக்கமான லயன் வீடுகளில் எதிர் ஜன்னலுக்கும் தாழ்வாரத்துக்கும் எங்கே போவது? பூஞ்சணம் படிந்த அறை, இளைப்பு நோயுள்ள குழந்தையின் மூச்சை மேலும் வருத்தும். கொழுந்தை உலர்த்த இத்தனை சாதனங்கள் செய்த நாம், அதைப் பறித்து வந்தவளின் போர்வை உலரவும் ஒரு வழி செய்ய வேண்டாமா?